நாய்க்கு ஒரு 'வாங்க'

விலங்கியல் படித்தவளுக்கு விலங்கைக் கழுவுகிற வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் உட்காருவதற்கு முன்பே, "படிச்ச புள்ள என்ன வேலை பாக்குது?" என்று கேட்பார்கள். "நாய்ப் பொழப்பு" என்று நானே சொல்லிவிடுவேன். அவர்கள் சொல்லி நான் கேட்பதைவிட அது மேல்.

வேலை, டாக்டரம்மாவின் கிளினிக்கில். முன்னறையில் பெஞ்சும் எடை மேடையும். அடுத்தது சிகிச்சை அறை. அதைத் தாண்டி நீளமான நடை, நடையின் கோடியில் கூண்டுகள். தரையில் எந்நேரமும் பினாயில் ஈரம். டாக்டரம்மா, கம்பவுண்டர் அண்ணன், நான் என்று மூன்றே பேர்.

கட்டடக் காண்ட்ராக்டர் ஒருவர் மாதத் தொடக்கத்தில் வந்தார். பின்னாலேயே அவருடைய டிரைவர், ஒரு கையில் கட்டும் மறு கையில் சங்கிலியுமாக, பழுப்பு நிற நாய் ஒன்றை இழுத்து வந்தார். நாய் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வர மறுத்தது. தரையில் நகம் கிழிக்கிற சத்தம்.

"ஊசியைப் போட்டு முடிச்சிடுங்க டாக்டர். சோறு போடுற வீட்டுலயே கடிக்குது. நன்றி கெட்ட ஜென்மம்" என்றார் காண்ட்ராக்டர்.

நன்றியுள்ள பிராணி என்று நாயைப் புகழ்கிறவர்களை எனக்கு என்றுமே பிடித்ததில்லை. நன்றியை எதிர்பார்த்துச் சோறு போடுகிறவன் அதை வட்டியோடு வசூலிக்காமல் விடமாட்டான்.

டாக்டரம்மா நாயைத் தூரத்திலிருந்தே பார்த்தார். "நோய் நொடி ஒண்ணும் இல்லாத நாய். எடுத்தவுடனே கொல்ல மாட்டேன். மாசக் கடைசி வரைக்கும் இங்க இருக்கட்டும். கூண்டை விட்டுத் தானா வெளிய வந்து, என் கையால கழுத்துப் பட்டை மாட்ட விட்டுச்சுன்னா ஊசி கிடையாது, இங்கயே வெச்சுப்பேன். அப்புறம் நீங்க கேக்கக் கூடாது. விடலைன்னா உங்க முன்னாடியே ஊசி."

"நான் எதுக்குக் கேக்கப் போறேன்? எப்படியோ தொலைஞ்சா சரி."

அவர் போனதும் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "தொட முடியாத நாயை வெச்சுக்கிட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாது. உன்னால முடியுமா?"

"முடியும்" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

கம்பவுண்டர் அண்ணன் சிரித்தார். "நாய் வாலை நிமித்தப் போறியாம்மா?"

"வளைஞ்சே இருக்கட்டும்ணே. இப்ப அது ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கு. அங்கேயிருந்து எடுத்தாப் போதும்."

கூண்டுக்குப் பக்கவாட்டில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். நாயை நேருக்கு நேர் பார்ப்பது அதன் மொழியில் சண்டைக்குக் கூப்பிடுவது. பேசாமல் இருந்தால் சாப்பிட்டது. இரண்டு மூன்று நாளில் கம்பிக்கு அருகில் வந்துகூடச் சாப்பிட்டது. கதவைத் திறந்து வைத்து, என்னால் முடிந்த அளவு குழைந்து, "வா" என்றேன். அவ்வளவுதான். காதுகள் தலையோடு ஒட்டிக்கொண்டன. உதட்டை நக்கியது. பின்னாலேயே நகர்ந்து மூலைக்குப் போய், நின்ற இடத்தில் சிறுநீர் விட்டது.

என் குரல்தான் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் யாருக்குமே என் குரல் பிடிக்காது. ஆனால் மறுநாள் கம்பவுண்டர் அண்ணன் நடையில் நின்று மனைவியோடு போனில், "சரி சரி, சீக்கிரம் வா" என்றார். நாயைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

அப்படியென்றால் குரல் இல்லை, சொல்.

'கம்' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அதற்கும் அதே கதி. அதன் பெயரைச் சொன்னால் இன்னும் மோசம். ஆனால் ஒருநாள் யாரோ பூனையோடு முன்னறைக்குள் நுழைந்தபோது, கம்பவுண்டர் அண்ணன் வழக்கம்போல, "வாங்க வாங்க, உக்காருங்க" என்றார். நாயின் காது எழுந்தது. வால் வெளியே வந்தது. கம்பியில் மூக்கை வைத்து முன்னறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

இதற்கு விடை சொன்னவர், கடிபட்ட அந்த டிரைவர்தான். முதலாளிக்குத் தெரியாமல் நாயைப் பார்க்க வந்தார்.

"உங்களைக் கடிச்ச நாயை எதுக்குண்ணே பாக்க வந்தீங்க?"

"அது மேல என்னம்மா தப்பு? புடிச்சுக் குடுடான்னாரு, புடிச்சேன், கடிச்சுது. நானா இருந்தாலும் கடிச்சிருப்பேன்." கூண்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "செருப்பைக் கடிச்சாலும் சரி, ராத்திரி கொலைச்சாலும் சரி, 'வா, வாடா தங்கம்'னு ஆசையா கூப்பிடுவாரு. பாவம், நம்பிப் போவும். போனதும் பெல்ட்டு. வீட்டுக்கு யாராவது வந்தாத்தான் அதுக்கு விடுதலை. பெல்ட்டை இடுப்புல மாட்டிக்கிட்டு, 'வாங்க வாங்க'ன்னு பல்லெல்லாம் தெரிய சிரிப்பாரு."

அந்த நாய்க்குத் தெரிந்த மொழியில் அடி நிற்கிற ஓசை ஒன்றுதான் இருந்தது. அந்த ஆள் மற்ற எல்லாச் சொல்லையும் கெடுத்துவிட்டு, தனக்குத் தேவைப்பட்ட மரியாதைச் சொல் ஒன்றை மட்டும் தெரியாத்தனமாக விட்டுவைத்திருந்தார்.

அன்றிலிருந்து நான் அதை 'வாங்க' என்று கூப்பிட்டேன். இதிலும் ஒரு சிக்கல். நான் மெதுவாகச் சொன்னால், 'வா' என்ற முதல் எழுத்தைக் கேட்டதுமே அது நடுங்கத் தொடங்கும். எனவே 'வா'வை விழுங்கி 'ங்க'வை இழுக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு தடவைதான் கூப்பிடுவேன். வந்தால் தின்பண்டம். வந்ததும் பிடிக்க மாட்டேன், திரும்பிப் போக வழி எப்போதும் திறந்திருக்கும். வந்தால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்பது அதற்கு விளங்கிய பிறகு, கழுத்துப் பட்டையை வளையமாகத் தளர்த்திப் பிடித்தேன். வளையத்துக்கு அந்தப் பக்கம் தின்பண்டம். தலையை அதுவே நுழைக்க வேண்டும். நான் மாட்டுவதாக இருக்கக் கூடாது.

"டாக்டரம்மாகிட்டயே நீ இவ்வளவு மரியாதையா பேசி நான் பாத்ததில்லையே" என்றார் கம்பவுண்டர் அண்ணன்.

என்னிடம் வந்துவிட்டால் போதாது. வேறு ஆளிடமும் வர வேண்டும். அப்பாவை வரச் சொன்னேன். அப்பாவுக்குத் துணிக்கடை வாசலில் நிற்கிற வேலை. காலை முதல் இருட்டும்வரை கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் 'வாங்க வாங்க' என்று அழைக்க வேண்டும். திருப்பி அவரைப் பார்த்து யாரும் எதுவும் சொல்வதில்லை. கதவு பேசியதாக நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

சீருடைத் தொப்பியோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் நாய் குரைத்துக்கொண்டு கம்பி மேல் பாய்ந்தது. அப்பா சிகிச்சை அறைக்கே ஓடிவிட்டார்.

"குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொல்லுவாங்களேம்மா?"

"அதைச் சொன்னவன் கடிபட்டதில்லப்பா. தொப்பியைக் கழட்டுங்க. பக்கவாட்டுல உக்காருங்க. 'வாங்க'ன்னு ஒரு தடவை சொல்லுங்க."

"நாயையா? வேலை முடிஞ்சு வந்தும் வாங்கவா? நம்ம வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையையே நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுறேன்!"

"அப்பா."

"சரி சரி, முறைக்காத. ஆனா வெறும் வாங்க நல்லா இருக்காது. முறை வெச்சுத்தான் கூப்பிடணும்." குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "வாங்க சம்பந்தி! உள்ள வாங்க. புது சரக்கெல்லாம் வந்திருக்கு, பாத்துட்டுப் போங்க."

நாய் அன்று வரவில்லை. அப்பா மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒரு சாயங்காலம் அது தலையை நீட்டி அவர் உள்ளங்கையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தது. அப்பா மூச்சுவிடாமல் இருந்துவிட்டு, அது போன பிறகு சொன்னார்: "கூப்பிட்டதும் நேரா என்கிட்ட வந்தது சம்பந்தி ஒருத்தர்தான்மா. மத்ததெல்லாம் ஏசி காத்து வாங்கத்தான் வரும்."

மாதக் கடைசி நாள் வந்தது. கூண்டைத் திறந்துவிட்டிருந்தேன், நாய் நடையில் உலாத்திக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவும் நானும் சிகிச்சை அறையில் இருந்தோம். காண்ட்ராக்டர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். முன்னறையில் கம்பவுண்டர் அண்ணனின் குரல் கேட்டது.

"வாங்க சார், வாங்க வாங்க!"

எனக்கு உயிரே போய்விட்டது. நடையில் நகச் சத்தம் வேகமெடுத்தது. வாலை வெளியே விட்டு, காதை நிமிர்த்தி, நாய் அறைக்குள் ஓடி வந்தது. எதிர் வாசலில் காண்ட்ராக்டர்.

"பாத்தீங்களா டாக்டர்! என்னைக் கண்டதும் ஓடி வருது. வா... வாடா தங்கம்..." என்று குனிந்து கழுத்துக்குக் கையை நீட்டினார்.

நாய் அப்படியே உறைந்தது. உதடு உயர்ந்து பல் தெரிந்தது. அந்தக் கை இன்னும் ஒரு சாண் போனால் கடித்துவிடும். கடித்தால் ஊசி. நான் இருவருக்கும் நடுவில் புகுந்தேன். கை என் தோளில் இடித்தது. பையில் இருந்த தின்பண்டத்தையெல்லாம் பின்பக்கமாக நடையில் எறிந்தேன். ஒன்றைக்கூடத் தொடாமல் நாய் கூண்டுக்குள் ஓடி மறைந்தது.

"யாரு இவ?"

"படிச்ச பொண்ணு சார்" என்றார் ஓடி வந்த கம்பவுண்டர் அண்ணன், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து.

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வெச்சாலும்னு சும்மாவா சொன்னாங்க?" காண்ட்ராக்டர் நாய் இருந்த திசையில் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அந்த நேரத்தில் நான் கத்தினால் கேட்டு நடுங்கப்போவது அந்த ஆள் இல்லை.

"சார், நீங்க கொஞ்சம் கார்ல போய் இருங்க" என்றார் டாக்டரம்மா. அதில் 'தயவுசெய்து' இல்லை.

"எனக்கு வேலை இருக்கு. சீக்கிரம் ஊசியை எடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

கம்பவுண்டர் அண்ணன் வாயில் அடித்துக்கொண்டார். "பழக்க தோஷம்மா. வாய்ல தானா வந்துடுச்சு."

டாக்டரம்மா கூண்டை எட்டிப் பார்த்தார். நாய் மூலையில் உருண்டையாகக் கிடந்தது. "இந்த நிலைமையில சோதிக்கிறது நியாயமில்ல. ஆனா இன்னிக்கு முடிக்கலைன்னா அந்தாளு வேற எங்கயாவது கொண்டு போய் முடிச்சிடுவான்."

"இப்பவே பாத்துடலாம் டாக்டர். நீங்கதான் கூப்பிடணும்."

"நானா? நாயைப் போய் வாங்கன்னா?"

"வேற வார்த்தை எதுவும் மிச்சமில்ல. முதல் எழுத்துல நிக்காதீங்க, 'ங்க'வை இழுங்க. ஒரே தடவைதான். வரலைன்னா மறுபடி கூப்பிடாதீங்க."

"ஏன்?"

"முதல் தடவை கூப்பிட்டா அழைப்பு. ரெண்டாவது தடவை கூப்பிட்டா அதட்டல்."

டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வெள்ளைக் கோட்டோடு பினாயில் ஈரத்தில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். பட்டையை நான் காட்டியபடி வளையமாகப் பிடித்தார்.

"வாங்க."

நன்றாகத்தான் சொன்னார். நாய் அசையவில்லை.

வெளியே கார் ஹாரன் அடித்தது. கம்பவுண்டர் அண்ணன் அதை நிறுத்த ஓடினார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்: வேண்டாம். எனக்குள் கோபம் கொதித்தது. அந்த ஹாரன் மேல், அந்தப் பழமொழி மேல், ஒரு சொல்லைக் காப்பாற்ற ஒரு மாதம் பாடுபட்டு, ஒரே நொடியில் அது கெட்டுப்போனதோ என்கிற நினைப்பின் மேல். கோபத்தை மூச்சில் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அதுதான் அன்று நான் செய்த வேலை.

முதலில் மூக்கு தெரிந்தது. பிறகு ஒரு கால். திரும்பிப் போய்விட்டது. டாக்டரம்மாவின் கை லேசாக அசைந்தது. "ம்ஹூம்" என்றேன். கை நின்றது. மறுபடி மூக்கு, இரண்டு கால், முழு உடம்பு. தரையோடு தரையாகத் தாழ்ந்து வந்தது. கோட்டை மோந்து பார்த்தது. வளையத்தைப் பார்த்தது. ஒருமுறை என்னையும் பார்த்தது. நான் எதுவும் செய்யவில்லை. முடிவு அதனுடையதாக இருக்க வேண்டும்.

தலையை நுழைத்தது.

டாக்டரம்மா பட்டையின் கொக்கியை மெல்லப் பூட்டினார். நாய் இரண்டடி பின்னால் போய், நனைந்ததைப் போல உடம்பு முழுவதையும் ஒரு முறை உதறிக்கொண்டது. கடிக்கவில்லை, ஓடவும் இல்லை.

"நீயே போய்ச் சொல்லிடு" என்றார் டாக்டரம்மா, எழாமலேயே.

கார்க் கண்ணாடி இறங்கியது. "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். டாக்டரம்மா கையால பட்டை மாட்டியாச்சு. ஊசி கிடையாது. நாய் இங்கதான் இருக்கும்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நாய் பிழைத்ததைவிட, வேறு யார் கூப்பிட்டோ அது வந்தது என்பதுதான் அவரை உறுத்தியது. "என்கிட்ட வராதது உங்ககிட்ட வருதா? என்ன சொல்லிக் கூப்பிடுறீங்க? சொல்லு, நானும் கூப்பிட்டுப் பாக்குறேன்" என்று கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

எனக்குப் பின்னால் கம்பவுண்டர் அண்ணன் வாயைத் திறந்தார். திரும்பிப் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன்."

"என்ன திமிரு!"

"ஆமா. காலை உள்ள எடுத்துட்டு, மரியாதையா போயிடுங்க சார்."

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், முன் இருக்கையில் இருந்த டிரைவர், யாரும் சொல்லாமலேயே, கடிபட்ட கையால் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார்.