கட்டைவிரலில் வந்த கோடு

வில்லியனூர் ஆனி மேரி ஹாம் ரேடியோ உரிமம் கிடைத்த கையோடு மோர்ஸ் தந்திக்குறி அடிக்க கீயர் என்ற கருவி ஒன்று வாங்கினாள். அதில் இரண்டு தகடுகள். வலக்கைக் கட்டைவிரலால் தட்டினால் புள்ளி, ஆள்காட்டி விரலால் தட்டினால் கோடு என்று கூடவே வந்த தாள் சத்தியம் செய்தது. ரேடியோவில் செருகி, வலக்கையால் தட்டினாள். கட்டைவிரலில் கோடுதான் வந்தது.

செட்டிங்கைத் துருவினாள், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவளா விடுவாள்? பிளக்கையே கழற்றினாள். உள்ளே ஒயர் இரண்டும் இடம் மாறி, புதிதாக வைத்த ஈயம் பளபளத்தது.

"ஏங்க, இதுல யாரு கை வச்சது?"

"நான்தான். பீச்சாங்கையில தட்டினா கட்டைவிரல் அடுத்த தகட்டுலல்ல விழும், ஒன் கைக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சேன்," என்றான் கணவன் சுரேஷ்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்தில் பிரம்படி பட்டு இடக்கையை அடக்கியவள் அவள். எழுதுவது, சாப்பிடுவது, சிலுவை போடுவது எல்லாமே வலக்கைதான். இதைப் பற்றி அவனிடம் மூச்சு விட்டதில்லை.

"எப்பிடித் தெரியும்?"

"கொசு அடிக்கிற பேட்டை எந்தக் கையில தூக்குற? பாக்கறேனே."

ஆனி மேரி பிளக்கை அப்படியே மூடினாள். கீயரை இடப்பக்கம் நகர்த்தி இடக்கையால் அழைப்பைத் தட்டினாள். எங்கிருந்தோ ஒருவர் பதில் தட்டினார்; எந்தக் கை என்று கேட்கவேயில்லை.