வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில்

கல்யாணத்தைப் பற்றி வீட்டில் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வரும்போது பதில் சொல்கிறேன் என்று சம்மட்டியிடம் சர்வேயர் சொல்லியிருந்தான். வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் நேரே போய் டிரைவருக்குப் பக்கத்தில் நின்று, பச்சைப் பந்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அவள் வழக்கம்போல் சிவப்பை எடுத்தாள்.

சம்மட்டி என்பது நண்பர்கள் வைத்த பெயர். கான்கிரீட் கட்டிகளை மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கிற லேபில் அவளுக்கு வேலை. வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்பா லாரி கழுவுகிறவர். யார் கேட்டாலும் அதைக் குரல் தாழ்த்தாமல் சொல்வாள். சர்வேயரின் அம்மா கேட்டபோதும் அப்படித்தான் சொன்னாள்.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பூங்காப் புல்லில் முதலில் சின்ன வெள்ளைப் பந்தை எறிய வேண்டும். பிறகு இரண்டு கட்சியும் கனமான பெரிய பந்துகளை உருட்ட வேண்டும். வெள்ளைக்கு மிக நெருங்கியது யாருடையதோ அவர்களுக்குப் புள்ளி. எதிராளி பந்து நெருங்கி உட்கார்ந்திருந்தால் அடித்துத் தள்ளலாம். இத்தனை நாளும் அவளும் அவனும் சிவப்புக் கட்சி. அவள் பூப்போல உருட்டி வெள்ளையை ஒட்டி உட்கார வைப்பாள். குறுக்கே வரும் பச்சையை அவன் அடித்துப் பறக்கவிடுவான்.

"என்னப்பா, கட்சி மாறிட்டே? இங்க மந்திரி பதவியா தர்றாங்க?" என்றான் டிரைவர்.

"சும்மா, ஒரு மாறுதலுக்கு."

"போகட்டும் விடுடி. நாம ரெண்டு பேரும் இவனுங்கள மண்ணக் கவ்வ வைப்போம்" என்று மருந்துக்கடைக்காரி சிவப்புப் பக்கம் வந்தாள். அவளுக்கும் டிரைவருக்கும் எதுவும் தெரியாது.

பந்துகளைப் பொறுக்கப் போகையில் சம்மட்டி அவனை மடக்கினாள்.

"வாயத் திறந்து சொல்லு."

"அம்மா அழறாங்க. லாரி கழுவறவர் வீட்டுல எப்படின்னு..."

"நீ என்ன சொன்னே?"

அவன் பந்தில் ஒட்டிய புல்லைத் துடைத்தான். "அவங்க அழறப்போ என்னத்தச் சொல்றது?"

"நான் அழுதா?"

"நீ அழமாட்டியே. தாங்கிக்குவே."

கடைசிச் சுற்று. புள்ளி சமம். சம்மட்டி உருட்டிய சிவப்பு, வெள்ளையோடு உரசி நின்றது. மிச்சம் அவன் கையிலிருந்த ஒரே பச்சை. குனிந்தான், வீசினான். பந்து எங்கோ விலகிப் போய்ப் பூச்செடிக்குள் விழுந்தது.

"அடப்பாவி, கண்ண எங்க அடகு வெச்சே?" டிரைவர் தலையில் கைவைத்தான்.

"ஜெயிச்சாச்சு!" மருந்துக்கடைக்காரி குதித்தாள்.

சம்மட்டி குதிக்கவில்லை. அந்த மணிக்கட்டை எத்தனை ஞாயிறு பக்கத்தில் நின்று பார்த்தவள். அது தவறவில்லை. வேண்டுமென்றே திருப்பியிருக்கிறான். அம்மா முன்னால் அவளுக்காக ஒரு வார்த்தை பேச வக்கில்லை, இங்கே புள்ளியை விட்டுக்கொடுக்கிறானாம்!

செடிக்குள்ளிருந்து பந்தை எடுத்தாள். துப்பட்டாவால் மண்ணைத் துடைத்து அவன் கையில் திணித்தாள்.

"திரும்ப அடி."

"ஆட்டம் முடிஞ்சிருச்சுடி" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"முடியல. பிச்ச போடாம அடிக்கச் சொல்லு."

"வேணாம்" என்றான்.

"வீட்டுலதான் முடியல. இங்கயாவது ஒரு காரியத்த உருப்படியா செய்."

அவன் அடித்தான். மடேரென்ற சத்தம். சிவப்பு எகிறி, புல்தரை தாண்டி வேலியோரம் போய் விழுந்தது. அது இருந்த இடத்தில், வெள்ளைக்குப் பக்கத்தில், பச்சை உட்கார்ந்துகொண்டது.

"பச்சைக்குப் புள்ளி" என்று அவளே சொன்னாள்.

பந்தை எடுக்க வேலிவரை நடந்தாள். முள்கம்பிக்கடியில் கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூவருக்கும் முதுகு மட்டும் தெரியும்படி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"சம்மட்டி, கெடச்சுதா?" டிரைவர் கத்தினான்.

"இல்ல" என்றாள். குரல் அவர்கள் வரைக்கும் போகவில்லை. துப்பட்டாவின் மண்படாத நுனியைத் தேடி எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சொன்னாள்: "இன்னும் தேடிட்டிருக்கேன்."