கிள்ளான் கஞ்சி

பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிற கையை நிறுத்தாமலேயே மாரித்தாய் படையல் சாமான்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆட்டுக்கறிச் சுக்கா, நாட்டுக்கோழிக் குழம்பு, அவித்த முட்டை, அதிரசம், விருதுநகரிலிருந்து எண்ணெய்ப் புரோட்டா. அவளுடைய தம்பி செல்வக்குமார் இறந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது. இறந்தவருக்கு உயிரோடு இருந்தபோது எதெல்லாம் பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்து இலையில் வைக்க வேண்டும். வைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு வீட்டார் எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவதற்கான நேரம் அது. எதிரே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த வேல்விழி, செல்வக்குமாரின் மனைவி, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். புரோட்டா என்றதும் ஆட்டவில்லை.

"என்னத்தா, முழிக்கிற? எண்ணெய்ப் புரோட்டான்னா அவனுக்கு உசிரு."

"லீவுல வந்தப்ப ஒருநாகூட வாங்கித் திங்கலையே மதினி."

"நீ கட்டிக்கிறதுக்கு முந்தியே அவன் எனக்குத் தம்பித்தா" என்றாள் மாரித்தாய்.

செல்வக்குமாரும் மாரித்தாயும் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே அவர்களுடைய அப்பா பட்டாசு ஆலை விபத்தில் போய்விட்டார். ஆண்பிள்ளை பட்டாசு மருந்து வேலைக்குப் போகக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். பெண்பிள்ளைக்கு அந்தச் சத்தியம் இல்லை. மாரித்தாய் போனாள், பிற்பாடு அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த வேல்விழியும் போனாள். செல்வக்குமார் மலேசியாவில் கிள்ளானுக்குப் போய் ஓர் உணவுக்கடையில் சமையல்காரன் ஆனான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சொந்த ஊரான ஆமத்தூருக்கு லீவில் வருவான். போன வருடம் அந்தக் கடையின் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் பெட்டியில்தான் வந்தான்.

லீவில் வந்தால் சமையல் அவனுடையது. வேல்விழியை அடுப்புப் பக்கம் விடமாட்டான். தேங்காய்ப்பாலில் சோறு ஆக்குவான், வற்றலை அரைத்து நெத்திலியோடு சம்பல் கிண்டுவான். கூனி இறால் விழுதைக் காயவைத்துக் கட்டியாக்கிய பெலாச்சான் என்ற ஒன்றை அனலில் வாட்டுவான். அந்த வாடைக்கு ஒருமுறை பக்கத்து வீட்டுத் தங்கச்சாமி ஓடி வந்து, "பெருச்சாளி எதுவும் செத்துக் கிடக்கா, தேடவா?" என்று கேட்டார். அன்று மதியம் அவருக்கும் ஒரு தட்டு போனது. மறுநாள் அவரே கிண்ணத்தோடு வந்து நின்றார்.

இதெல்லாம் வேல்விழிக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் செல்வக்குமார் சாப்பிடுகிற மாதிரி ஒரு காட்சியை மனதுக்குள் கொண்டுவரப் பார்த்தால் வரவில்லை. அவன் பரிமாறுகிறான், எதிரே குந்தி உட்கார்ந்து மகள் ஓவியாவின் முகத்தைப் பார்க்கிறான், உறைக்குதா என்று கேட்கிறான், இன்னும் ஒரு கரண்டி போடுகிறான். எல்லோரும் கைகழுவிய பிறகு சட்டியில் மிஞ்சியதை எதையோ வழித்துப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவான். தினமும் போனில் பேசியிருக்கிறாள். சாப்பிட்டீகளா என்று கேட்காத நாள் கிடையாது. ஆச்சு என்பான். என்ன சாப்பிட்டீக என்று ஒருநாளும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

ஊர்ப் பெண்கள் எல்லோரும் புருசனுக்குப் பிடித்ததைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சாத்திய கதவுக்கு உள்ளே வருகிறவன் இலையைப் பார்த்துவிட்டு எதிலும் கை வைக்காமல் போய்விடுவானோ என்ற பயம் வேல்விழிக்கு அந்த வாரம் முழுக்க இருந்தது. ஓவியாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"சம்பல் வைம்மா. அப்பா சம்பல்."

"அது உனக்குப் பிடிச்சது."

ஓவியா யோசித்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விஸ்வநத்தத்திலிருந்து பெத்தணன் வந்தான். கிள்ளானில் செல்வக்குமாரோடு அதே கடையில் வேலை பார்த்தவன், ஒரே அறையில் தங்கியவன், இப்போது லீவில் ஊருக்கு வந்திருந்தான். வருடப் படையலுக்கு முன்னால் ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தான். கையில் மைலோ பானப்பொடி டின், உலர்ந்த நெத்திலி, மூன்று பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய பெலாச்சான் கட்டி.

"அம்புட்டுச் சுத்தியும் அடங்கலை மதினி. ப்ளேன்ல பக்கத்து சீட்டுக்காரரு என் காலையே குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு வந்தாரு."

ஓவியா சிரித்தாள். வேல்விழி டீயைக் கொடுத்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். நேராகக் கேட்டாள்.

"அங்கன அவுக என்னத்த விரும்பிச் சாப்பிடுவாக தம்பி?"

பெத்தணன் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தான். "கடைச் சாப்பாட்ட அண்ணே தொடமாட்டாரு மதினி. ஆக்குற வாடையிலயே வயிறு ரொம்பிருதுன்னுவாரு. நான் கோழிய அள்ளிப் போட்டுத் திம்பேன், நல்லாத் தின்னுலேன்னு பாத்துக்கிட்டிருப்பாரு."

"பெறகு பட்டினியாவா கெடந்தாக?"

"பின்சந்துல துணி வெளுக்கிற கடை வச்சிருந்தா ஒரு சீனத்தி. புருசன், பிள்ளைகளோட அங்கனயே குடியிருந்தா. அவ வீட்டுல விடியமின்னயே கஞ்சி வைப்பா. நம்மூருக் கஞ்சி மாதிரி இல்ல, அரிசி இருக்க எடம் தெரியாமக் கரைஞ்சு போகும். மேல இஞ்சிய மயிரு கணக்கா அரிஞ்சு போட்டு, நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு, வெள்ளை மொளகுப் பொடி. தொட்டுக்கிட உப்புல ஊறுன வாத்து முட்டை. அண்ணே தெனமும் அங்கன போயி, அவுக பிள்ளைகளோட ஸ்டூல்ல உக்காந்து குடிச்சிட்டுத்தான் கடை தொறக்க வருவாரு. அதைக் குடிச்சா மூஞ்சியே வேற. ஒருநா அவ கடை பூட்டிக் கெடந்துச்சுன்னு அன்னைக்கு முழுக்க எங்க எல்லாத்து மேலயும் எரிஞ்சு விழுந்தாரு."

வேல்விழிக்கு அப்போதுதான் கடைசி லீவில் நடந்த ஒன்று பிடிபட்டது. ஒரு காலையில் செல்வக்குமார் அரிசியைக் குழைய விட்டு, இஞ்சி போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தான். என்ன இது என்றாள். சும்மா என்றான். அந்த நேரம் பார்த்து மாரித்தாய் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அவன் சட்டென்று வெல்லத்தை எடுத்துத் தட்டிப் போட்டான், பாலை ஊற்றினான், பாயசம் என்றான். உப்புக் கரிக்கிற இஞ்சிப் பாயசம். மலேசியாவில் சமையல் கற்ற லட்சணத்தைச் சொல்லிச் சொல்லி வீடே சிரித்தது. அவனும் சிரித்தான். அக்காவைப் பார்த்து எதற்கு அப்படிப் பதறினான் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்கான பதில் சனிக்கிழமை வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது கிடைத்தது. படையலில் கஞ்சியும் வைக்கப்போகிறேன் என்று வேல்விழி சொன்னதும் மாரித்தாய்க்கு முகம் கறுத்துவிட்டது.

"கஞ்சியா? எவன் சொன்னான்? அந்தப் பெத்தணன் பயலா?"

"அவுக அங்கன தெனமும் விரும்பிக் குடிச்சதாம் மதினி."

"எங்க அப்பா காரியத்துக்கு எலையில என்ன வச்சோம் தெரியுமா?" மாரித்தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பஸ்ஸுக்கு நின்ற மற்றவர்கள் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்திருப்பாள். "கஞ்சி. எலையில ஊத்துனா ஓடிப்போயிரும்னு பக்கத்துல கும்பாவுல வச்சோம். வேற ஒண்ணும் இல்ல வீட்டுல. இவன் சின்னப்பய. 'அப்பாவுக்குக் கஞ்சி பிடிக்காதேக்கா'ன்னு என் பாவாடையப் பிடிச்சு இழுத்தான். அந்தப் பயலுக்கு நான் கஞ்சி வைக்கவா? ஊருக்காரக என்ன சொல்லுவாக? மலேசியாக்காரன் எலையிலயும் கஞ்சிதானான்னு கேக்க மாட்டாகளா?"

"ஊருக்காரக கதவுக்கு வெளிய நிக்கப்போறாக மதினி."

"வேற கெடைக்காமக் குடிச்சிருப்பான்."

"ஓட்டல்ல சமையல்காரரா இருந்தவுகளுக்குச் சோறா கெடைக்காது?"

பஸ் வந்தது. மாரித்தாய் முன்னால் ஏறி, பக்கத்தில் இடம் இருந்தும் பையை அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை வேல்விழி அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். வாத்து முட்டை எங்கும் கிடைக்கவில்லை. வெள்ளை மிளகும் இல்லை, கறுப்பு மிளகைத் தோல் போகத் தேய்த்துப் புடைத்துப் பொடித்துக்கொண்டாள். பெத்தணன் சொன்னபடி தீயைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே நின்றாள். படையலுக்கு ஆக்குவதை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. அவளுக்குத் தெரிந்த குழம்பாக இருந்தால் கொதிக்கிற வாசத்திலேயே உப்பு தெரிந்துவிடும். இது அவள் ஒருநாளும் குடித்திராத கஞ்சி. உப்பை அள்ளினாள், பாதியைத் திரும்பப் போட்டாள், கையில் இருந்ததைச் சேர்த்தாள். கரண்டியில் ஒட்டியதை வழிக்கப்போன ஓவியாவின் கையைத் தட்டிவிட்டாள்.

மாரித்தாய் சுக்காவும் குழம்பும் ஆக்கி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். புரோட்டா பொட்டலத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் இஞ்சி வாசம் தட்டியிருக்கும். அடுக்களைப் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் படத்துக்கு முன்னால் இலையை விரித்தாள். கறியை வைத்தாள், கோழியை வைத்தாள், முட்டையை வைத்தாள், அதிரசத்தை அடுக்கினாள், புரோட்டாவைப் பிய்த்து மேலே சால்னாவை ஊற்றினாள். இலையில் ஓர் ஓரம்கூட மிச்சமில்லை. சூடத்தைக் காட்டினாள். விழுந்து கும்பிட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். வாசலில் தங்கச்சாமி யாரோடோ தீபாவளி சீசனுக்குப் போகிற பட்டாசு லோடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

உள்ளே மூன்று பேர்தான் இருந்தார்கள். வேல்விழி கஞ்சிச் சட்டியை இரண்டு கையாலும் துணிபோட்டுப் பிடித்தபடி அடுக்களை வாசலில் நின்றாள். போகவும் இல்லை, வரவும் இல்லை. மாரித்தாய் கதவில் கை வைத்தாள். சாத்தப்போகிறாள் என்று ஓவியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

மாரித்தாய் கதவை விட்டுவிட்டுத் திரும்பி வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தாள், குத்துவிளக்கைக் கொஞ்சம் நகர்த்தினாள். இலைக்கும் படத்துக்கும் நடுவே ஒரு சட்டி வைக்கிற அளவுக்குத் தரை தெரிந்தது.

வேல்விழி குனிந்து சட்டியை அங்கே வைத்தாள். கஞ்சி இன்னும் தளதளத்துக்கொண்டிருந்தது.

"ஏத்தா." மாரித்தாய் தலையைத் தூக்கவில்லை. "சூடாக் குடிப்பானா, ஆற வச்சுக் குடிப்பானா?"

"கேக்கலையே மதினி."

"பெத்தணன் மாமாவுக்கு போன் போடவா அத்தை?" என்றாள் ஓவியா.

சுவரோரம் கிழிந்த பட்டாசுப் பெட்டி அட்டை ஒன்று கிடந்தது. மாரித்தாய் அதை எடுத்துச் சட்டியின் மேல் விசிற ஆரம்பித்தாள். ஆவி படத்தின் பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்சம் விசிறினாள். நிறுத்திவிட்டு, சட்டியின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் விசிறினாள். ரொம்ப ஆறிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தவள்போலச் சட்டென்று நிறுத்தினாள். வெளியே யாரோ கதவைச் சாத்தச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள்.