ஒரு நிமிஷம், லைன்ல இருங்க

மூன்றாவது ஆளும் போனைக் கட் பண்ணினார்.

தமிழ்வாணி செல்போனைக் காதிலிருந்து எடுத்து ஏற இறங்கப் பார்த்தாள். அப்பா இறந்துபோனார் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள், சொல்லவிட்டால்தானே. பெரியப்பா மகன் எடுக்காமலே கட் பண்ணிவிட்டான். மேலூர்ச் சித்தி எடுத்தாள், "லோனெல்லாம் வேண்டாம்ப்பா, இருக்கிறதையே கட்ட முடியல" என்று வைத்துவிட்டாள். சிம்மக்கல்லில் கயிற்றுக் கடை வைத்திருக்கும் தாய்மாமன் காசிமாயனோ, மணி அடித்ததும் கொதிக்கிற சட்டியைத் தொட்டவர் மாதிரி கட் பண்ணிவிட்டார். ஒருநாளும் இல்லாத திருநாளாக இன்றைக்கு எல்லாருக்கும் என்ன வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

நடு வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் ஆண்டிச்சாமி படுத்திருந்தார். விடியற்காலையில் எழுந்தார், காபி குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், கொஞ்சம் சாய்கிறேன் என்றார். அவ்வளவுதான். பாயில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமில்லை. கல்யாணச் சாவு என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். மீசையை முந்தின நாள்தான் ஒதுக்கிவிட்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் யாரையோ கேலி செய்துவிட்டுக் கண்ணை மூடியவர் போலத்தான் இருந்தது.

அடுத்துக் கூப்பிட வேண்டியது சோலையம்மாள் அத்தையை.

அத்தை, அப்பாவுக்கு ஒரே தங்கை. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஒத்தக்கடையில் இந்த வீட்டைக் கட்டியதிலிருந்து ஒருநாளும் படியேறியதில்லை. சண்டைக்குக் காரணம் நிலமோ நகையோ இல்லை, டெலிபோன். ஆண்டிச்சாமி பல்கலைக்கழகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் அவருடைய போர்டுக்குத்தான் வரும். எந்தத் துறை, யாரைப் பார்க்கணும் என்று கேட்டு அவர்தான் மாற்றிவிடுவார். அத்தையின் புருஷன் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவே இல்லை. அத்தை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய், முதல் ஆளாக அண்ணனுக்குத்தான் அடித்தாள். "அண்ணே" என்றாள். அன்றைக்கென்று பார்த்துப் பரீட்சை முடிவு வந்த நாள், ஊரே அந்த போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரை அண்ணே என்று கூப்பிடாத ஆள் மதுரையிலேயே கிடையாது. தங்கச்சி குரல் என்று பிடிபடாமல், "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க" என்று பட்டனைத் தட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். அத்தை காதில் கீச்சுக் கீச்சென்று ஒரு மெட்டு ஓட ஆரம்பித்தது. கையிலிருந்த சில்லறை தீரும்மட்டும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

சேதி வேறு ஆள் மூலம் எட்டி, மறுநாள் அப்பா அடித்துப் பிடித்துக்கொண்டு போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற அண்ணனை அத்தை ஒரு பார்வை பார்த்தாள். "ராங் நம்பர்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்தக் கதையை அப்பா சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிப்பார். முடிக்கும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. போன வாரம்கூடச் சொன்னார். "நான் போனாலும் வருவாளோ மாட்டாளோ. ஆனா அவ வராம என்னையத் தூக்கிறாதத்தா. ஐஸ் பெட்டியில கெடந்துக்கிறேன். அடிக்கிற வெயிலுக்குச் சொகமாத்தான் இருக்கும்."

எழவுச் சேதிக்கு அவர்கள் பக்கத்தில் கேதம் என்று பெயர். முன்னெல்லாம் கேதம் சொல்ல ஆள் போக வேண்டும். இப்போது மற்றவர்களுக்குப் போன் போதும். கோபத்தில் இருக்கிற சொந்தத்துக்குப் போதாது. அதற்கு ஆள்தான் போக வேண்டும். அது தமிழ்வாணிக்கும் தெரியும். முதலில் குரலைக் காட்டிவிட்டு, பின்னாலேயே புருஷன் செல்லப்பாண்டியைக் காரில் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அத்தை நம்பரை அடித்தாள். மணி போயிற்று. அத்தை எடுத்துவிட்டாள்.

"யாரு?"

"அத்தே, நான் தமிழு பேசுறேன்..."

அந்த நேரம் பார்த்துப் போனில் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. மூன்று நாளாக ஆபீசில் அழைப்பை எடுத்து எடுத்துச் சோதித்த விரல், மூளையைக் கேட்காமலே பச்சைக்குப் போயிற்று. அதைத் தொடுமுன் வாயும் தன்னால் அத்தையிடம் சொல்லிற்று: "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க."

"ஐயா, வணக்கங்கய்யா," என்றது புதுக் குரல். "இந்த நம்பர்லருந்து எனக்கு ஒரு கால் வந்துச்சுங்க. பயத்துல வச்சுப்புட்டேன். எங்க பய காப்பி கீப்பி அடிச்சு மாட்டிக்கிட்டானுங்களா?"

"மாமா, நான் தமிழ்வாணி."

"நீயா? உன்னைய எப்பத்தா பரீட்சை ஆபீசுக்கு மாத்துனாங்க?"

அப்போதுதான் தமிழ்வாணிக்கு உறைத்தது. அவளுக்குப் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் வேலை. மேசை மேசையாக இருந்த போன்களையெல்லாம் கழற்றிவிட்டு, எல்லாரும் இணையம் வழியாக அவரவர் செல்போனிலேயே ஆபீஸ் நம்பரில் பேசும்படி ஒரு செயலியைப் போட்டுத் தருவதுதான் மூன்று நாளாக அவள் பாடு. 'அப்பன் பேசுன போனை மக கழட்டுறா' என்று ஆண்டிச்சாமி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒரு துறைத் தலைவர் தன் மேசைப் போனைத் தர மாட்டேன் என்று ரிசீவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நேற்றுச் சாயங்காலம் பழைய போர்டை அணைத்தாயிற்று. செயலி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, தன் போனிலிருந்து போகிற எல்லா அழைப்பும் பல்கலைக்கழக நம்பரிலேயே போகட்டும், யாருக்கும் ஒதுக்காத அழைப்பெல்லாம் தனக்கே வரட்டும் என்று அவள்தான் வைத்திருந்தாள். காலையில் வந்த அழுகையில் அது மறந்தே போயிற்று.

விஷயத்தைச் சொன்னாள். "மச்சான் போயிட்டாரா" என்று காசிமாயன் போனிலேயே ஓவென்று அழுதார். மகன் மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியும் அந்த அழுகையில் கொஞ்சம் கலந்திருந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் பந்தல்காரர் வந்தார், பூக்காரர் வந்தார், தெருப் பெண்கள் வந்து தமிழ்வாணியைக் கட்டிக்கொண்டார்கள். அவளும் உட்கார்ந்து அழுதாள். அழ வேண்டியது நிறைய இருந்தது.

காசிமாயன் வந்து இறங்கியபோதும் போன் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அணைத்தால் பல்கலைக்கழகத்துக்கே காது அடைத்துவிடும். மாற்று ஏற்பாடு செய்யச் சாயங்காலம் ஆகும் என்று கணினி மையத்திலிருந்து கெஞ்சினார்கள். "கொண்டாத்தா இங்கிட்டு, நான் பாத்துக்கிறேன்" என்று மாமா போனை வாங்கிக்கொண்டு, பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆபீஸ் சமாசாரமானால் எந்த நம்பருக்குத் தள்ளவேண்டும் என்று ஒரு தடவை சொல்லிக் கொடுத்தாள். மனுஷருக்குப் பதவி வந்துவிட்டது.

"யாரு, சர்டிபிகேட்டா? தம்பி, இது எழவு வீடு. நாளைக்குக் கூப்பிடு. பாஸாயிட்டேல்ல? அப்பறம் என்ன, நல்லாயிரு." 

"துணைவேந்தரா? அவரு இங்க வரலைங்க. வந்தா சொல்றேன். மாலையோட வருவாரா, சும்மா வருவாரா?"

துக்கம் கேட்க வந்தவர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். இதைக் கேட்க அப்பா இல்லையே என்று தமிழ்வாணி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். இருந்திருந்தால் போனைப் பிடுங்கி, 'அப்படிச் சொல்லக் கூடாது மாப்ள' என்று தானே உட்கார்ந்திருப்பார்.

உச்சி வெயில் சாயும்போது மாமா கேட்டார்: "சோலை கிட்ட யாரு போயிருக்கா?"

"நான் காலையிலயே..." என்றவள் நின்றாள். தான் என்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

"மாமா. அத்தைக்கிட்ட நான் சொல்லவே இல்ல. லைன்ல இருங்கன்னு சொல்லிட்டு, உங்க போனை எடுத்துட்டேன்."

காசிமாயன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அதே வார்த்தையா?"

"அதே வார்த்தைதான்."

"கெட்டுச்சு குடி. அந்தக் கீச்சுப் பாட்டாச்சும் கேக்காம இருந்துச்சா?"

கேட்டிருக்கும். அதற்கும் காரணம் அப்பாதான். செயலியோடு வந்தது ஏதோ மெல்லிசான பியானோ. ஆண்டிச்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. "பழைய பாட்டையே போடு. என்னைக்காச்சும் சோலை திரும்ப அடிச்சான்னா, வேற பாட்டுக் கேட்டா எடம் மாறிருச்சுன்னு வச்சிருவா" என்று பிடிவாதம் பிடித்தார். அவள் பழைய போர்டிலிருந்து அந்த மெட்டைப் பதிவுசெய்து ஏற்றியிருந்தாள்.

பக்கத்து வீட்டுப் போனை வாங்கி அத்தை நம்பரை அடித்தாள். பிஸி. மறுபடி அடித்தாள். பிஸி.

"யார்கிட்டயோ நம்மளத்தான் திட்டிக்கிட்டு இருக்கும்," என்றார் மாமா.

செல்லப்பாண்டி காரை எடுத்துக்கொண்டு பறந்தான். போய்ச் சேர்ந்ததும் அவனிடமிருந்து சேதி வந்தது. வீடு பூட்டிக் கிடக்கிறது, எங்கே போனாள் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

"வேணும்னே பூட்டிட்டுப் போயிருக்கும். இனி வராதுத்தா," என்றார் மாமா. "பொழுது சாயறதுக்குள்ள தூக்கணும். சொந்தபந்தமெல்லாம் காத்துக்கிட்டு இருக்கு."

"அப்பா சொல்லியிருக்காரு மாமா. அத்தை வராம தூக்கக் கூடாது."

"வரலைன்னா?"

அப்பா அவளிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றையும் தானே கெடுத்துவிட்டோமே என்று வந்தது. அதுவும் அவர் செய்த அதே தவறை, அவர் சொன்ன அதே சொல்லில். பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே கொட்டு அதிர்ந்தது. தேர் கட்டி முடித்து மாலை சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று கொட்டு நின்றது. தப்படிக்கும் சங்கிலிதான் கையை உயர்த்தி மற்றவர்களை நிறுத்தியிருந்தார்.

"இருங்கப்பா. வேற என்னமோ கேக்குது."

எல்லாருக்கும் கேட்டது. தெருமுனையிலிருந்து கீச்சுக் கீச்சென்று ஒரு மெட்டு, மெதுவாக, வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய சோலையம்மாள் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வந்தாள். இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள்ளிருந்து அந்த மெட்டு வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பட்டன் போனுக்குச் சார்ஜும் சத்தமும் கேட்க வேண்டுமா, எட்டூருக்குக் கேட்டது.

தமிழ்வாணி எழுந்து ஓடினாள். "அத்தே..."

அத்தை பையிலிருந்து போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கட்டாயிருச்சான்னு பாரு. பெரியார்ல பஸ்ஸு மாறும்போது கைகிய்யி பட்டுருச்சோ என்னமோ."

"கட்டாகலத்தே."

"ம். ஒருக்கா கட் பண்ணிப்புட்டு இம்புட்டு வருசம் கெடந்தது போதும்."

"நான் சேதியே சொல்லலையேத்தே. உங்களுக்கு எப்படி..."

"இந்தப் பாட்டப் போட்டுவிடுறதுக்கு உங்க வீட்ல வேற என்னடி சேதி இருக்கு?"

காசிமாயன் கையிலிருந்த தமிழ்வாணியின் போனைக் குனிந்து பார்த்தார். "மேல ஒண்ணு மினுக்கு மினுக்குன்னுச்சு," என்றார் மெதுவாக. "டார்ச்சுன்னு நெனச்சேன்."

யாரோ சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள் போலத்தான் இருந்தது. படியேறும்போது நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். முதல் தடவையாக வருகிற வீடு, எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. தமிழ்வாணி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் அத்தை உட்கார்ந்தாள். அண்ணன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். மெட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மாமாவிடமிருந்து போனை வாங்கி அதை நிறுத்தப் போனாள் தமிழ்வாணி.

"இருடி. நான் இன்னும் பேசல."

அத்தை தன் பட்டன் போனைக் கண்ணாடியின் மேல், அண்ணன் காதுப் பக்கமாக வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, லைன்லதான் இருக்கேன்," என்றாள். "எங்க வீட்டுக்காரரு போயிட்டாருண்ணே. நெஞ்சு வலின்னாரு, போயிட்டாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அதான் உனக்கு அடிச்சேன்."

பெண்கள் யாரும் ஒப்பாரி எடுக்கவில்லை. அத்தை அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்கள். தமிழ்வாணி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தானும் அழுகிறோம் என்பது அத்தை தன் முந்தானையை நீட்டியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லிட்டேன்," என்று அத்தை மூக்கை உறிஞ்சினாள். "இப்ப வையிடி போனை."

தமிழ்வாணி திரையில் சிவப்பைத் தொட்டாள். கண்ணாடியின் மேல் மெட்டு நின்றது.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்த்தே."

"அப்பத் தூக்கச் சொல்லு."

வாசலில் சங்கிலி வைக்கோலைக் கொளுத்தி, தோல் விறைப்பேறத் தப்பைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்.