பின்பக்கம் நசுங்கிய மைவி

குமுதா அக்கா கணினித் திரையைப் புனிதாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். தள்ளுபடி என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

"பத்து வருசமா என்கிட்டதான் இன்சூரன்ஸ் எடுக்கறே. போன வருசம் அம்பத்தஞ்சு பர்சன்ட் தள்ளுபடி. அறுநூத்துச் சொச்சம் வெள்ளிதான் கட்டினே. இப்ப ஆயிரத்து நானூறு காட்டுது. உன் காடி மேல யாரோ கிளைம் பண்ணியிருக்காங்கமா. என்ன நடந்துச்சு?"

பிரிக்பீல்ட்ஸில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. புனிதா பக்கத்து நாற்காலியில் இருந்த விமலனைப் பார்த்தாள். கல்யாணமாகி பத்து மாதம். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் பக்கத்து இருக்கையில்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கூரைப்புடவை எடுத்துவிட்டு இரண்டு காடிகளில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் புனிதாவின் மைவி. பின்னால் விமலனின் அண்ணன் சுகுமாறனின் அல்சா. அதில் மாமியாராகப் போகிற இராஜம்மா. சிவப்பு விளக்கில் புனிதா நிறுத்தினாள். டாக்சி ஓட்டுகிற சுகுமாறன் அடுத்த சவாரிக்காகக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்து, மைவியின் பின்பக்கத்தில் மோதினான். யாருக்கும் அடியில்லை. அவன் காடியின் முகம்தான் நொறுங்கிப் போனது.

சாலையோரத்தில் நின்று சுகுமாறன்தான் முதலில் பேசினான். "தங்கச்சி, நான் ஏற்கெனவே ஒரு தடவை மோதிட்டேன். இன்னொண்ணுன்னா கம்பெனிக்காரன் என்னை ஓட்ட விடமாட்டான் லா. நீ ரிவர்ஸ் எடுத்து இடிச்சேன்னு ரிப்போர்ட் குடுத்தா, என் காடி உன் இன்சூரன்ஸ்ல ரெடியாகிடும். உனக்கு ஒரு சம்மன், அவ்வளவுதான்."

புனிதா மைவியின் நசுங்கிய பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். விமலன்தான் அவளைத் தனியாக அழைத்துப் போனான். மூடியிருந்த நகைக்கடையின் நிழலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக, புனி. அண்ணனுக்கு அந்தக் காடிதான் சோறு. உன் மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியாதா? யாராவது ஒரு வார்த்தை சொன்னா நான் விட்டுடுவேனா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. இப்படித் தன்னிடம் வந்து கேட்கிற ஆண்பிள்ளைக்கு எதையும் கொடுக்கலாம் என்று அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியது. முப்பத்தொரு வயதில் வந்த காதல் அது. போலீஸ் பாலாயில், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்ற வாகனத்தைக் கவனிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சம்மனுக்கு முந்நூறு வெள்ளி கட்டினாள். குமுதா அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. ஒரு பொய்யை இரண்டாவது முறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தாலி ஏறிய பிறகுதான் அந்தப் பொய் வளர ஆரம்பித்தது. முதலில் சுகுமாறன் விளையாட்டாகச் சொன்னான்: "தங்கச்சி காடி எடுக்குது, எல்லாரும் ஓரமா நில்லுங்க." எல்லோரும் சிரித்தார்கள்; அவளும் சிரித்தாள். தீபாவளிக்கு வந்த உறவுகளிடம் இராஜம்மா, "மருமக நல்ல பொண்ணுதான், ஓட்டத்தான் வராது. சுகு காடியையே இடிச்சுட்டா" என்று சொன்னாள். மோதிய காடிக்குள் தானும் உட்கார்ந்திருந்ததை அவள் எங்கே தொலைத்தாளோ. போன மாதம் சுகுமாறனின் மகள் பிரியா, சித்தியோடு கோயிலுக்குப் போகிறேன் என்று ஓடி வந்தாள். "சித்தி காடி வேணாம்மா, அப்பா கூடப் போ" என்று இராஜம்மா பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். விமலன் அங்கேதான் நின்றான். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு தடவை அவன் வாயால் கேட்டால் போதும் என்று புனிதா இருந்தாள். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், அண்ணனைக் காட்டிக் கொடுக்க வேண்டாம். அன்றைக்கு நீ இடிக்கவில்லை என்று ஒரு வாக்கியம்.

"சொல்லுமா, என்ன நடந்துச்சு?" என்றாள் குமுதா அக்கா.

விமலன் முந்திக்கொண்டான். "அது ஒண்ணுமில்லக்கா. இவ ரிவர்ஸ்ல போட்டுட்டா. பின்னாடி பாக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தான். தெரிந்தவர்கள் வீட்டுக் கதையைச் சொல்வதுபோல அத்தனை சரளமாக வந்தது.

குமுதா அக்கா தலையை ஆட்டினாள். "அப்படின்னா ஒண்ணும் பண்ண முடியாது. இதுவே பின்னால வந்தவன் உன்னை இடிச்சிருந்தா, நீ உன் கம்பெனியிலயே கிளைம் பண்ணியிருக்கலாம். தப்பு அவன் மேலன்னு போலீஸ் எழுதிக் குடுத்தா உன் அம்பத்தஞ்சு அப்படியே இருக்கும், ஒரு காசு ஏறாது. இனி முதல்ல இருந்து வரணும். பழைய இடத்துக்கு ஏற அஞ்சு வருசம்." பிறகு திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். "சிஸ்டம் தொங்குது. பத்து நிமிசம் போய் டீ குடிச்சிட்டு வாங்க."

எதிர்ச்சாரி ஒட்டுக்கடையில் விமலன் இரண்டு தே தாரிக் சொன்னான். புனிதா கோப்பையைத் தொடவில்லை.

"அக்காகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? பொய் ரிப்போர்ட் குடுத்தோம்னு சொல்லவா? போலீஸ்காரன் உன்னைத்தான் பிடிப்பான்."

அது நியாயம்தான். அவளும் ஒப்புக்கொண்டாள். "சரி, இங்க அக்கா இல்ல. அம்மா இல்ல. நாம ரெண்டு பேருதான். சொல்லுங்க, அன்னைக்கு யார் இடிச்சா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா, புனி?"

"எனக்காகச் சொல்லுங்க."

அவன் கரண்டியால் நுரையைக் கலக்கினான். "அண்ணன்தான்" என்றான். அவளுக்குள் ஏதோ ஒன்று இளகத் தொடங்கியது. அதற்குள் அவன் தொடர்ந்தான். "ஆனா நீயும் பட்டுனு பிரேக் போட்டே. அதையும் சொல்லணும்ல?"

"சிவப்பு விளக்குங்க."

"மஞ்சள்தான். போயிருக்கலாம். அம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க."

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அண்ணனுக்காக மறைக்கிறான் என்றால் காத்திருக்கலாம், என்றைக்காவது சொல்வான். இவன் நிஜமாகவே மஞ்சள் விளக்கைப் பார்க்கிறான். பத்து மாதமாக அந்த வீட்டுச் சோற்றோடு சேர்த்து இதையும் தின்று செரித்துவிட்டான்.

"அண்ணனுக்கு நஷ்டஈடு வந்துச்சே, காடி ரிப்பேருக்குப் பெங்கெல்ல நின்ன நாளுக்கெல்லாம்" என்றாள் புனிதா. "அதுவும் மஞ்சள் விளக்குக்குத்தானா?"

"ஆரம்பிச்சிட்டியா? ஏறின எழுநூறு வெள்ளியை நான் தர்றேன் விடு."

"காசை யாரு கேட்டா?"

அவன் தேநீரைக் குடித்து முடித்தான்.

அவர்கள் திரும்பி வந்தபோது குமுதா அக்கா படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். "எல்லாம் முடிஞ்சுது. யார் யார் ஓட்டுவாங்கன்னு பேரு மட்டும் போடணும். போன வருசம் நீ மட்டும்தான். இப்ப சார் பேரையும் சேர்த்துடறேன், என்ன?" அவள் விரல்கள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தன. தினமும் மேருவில் இருக்கும் தொழிற்சாலைக்கு மைவியை எடுத்துப் போவது விமலன்தான். புனிதா பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் பஸ்ஸில் போவாள்.

"வேணாம்கா" என்றாள் புனிதா. "என் பேரு மட்டும் இருக்கட்டும்."

விமலன் சிரித்தான். "விளையாடறாக்கா, போடுங்க."

"பேரு இல்லாம அவர் ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா, முதல் நானூறு வெள்ளி உன் கையில இருந்துதான் போகும்" என்றாள் குமுதா அக்கா.

"அவர் ஓட்ட மாட்டார்கா. சாவி இனி என்கிட்ட இருக்கும். ஒரு தடவை இவங்க வீட்டுக்காக நான் இடிச்சேன்னு எழுதிக் குடுத்துட்டேன். இன்னொரு தடவை எழுத என்னால முடியாது."

விசைப்பலகையின் மேல் குமுதா அக்காவின் விரல்கள் நின்றன. அவள் விமலனைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். குமுதா அக்கா தட்டியிருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

வெளியே நடைபாதையில் வெயில் கொளுத்தியது. "யாரோ ஒருத்தி முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே" என்றான் விமலன். "நாளைக்கு நான் வேலைக்கு எப்படிப் போறது?"

"பஸ் இருக்கு. நான் பத்து மாசமா போறேன்."

"நீ காடியை எடுத்துட்டுப் போ. நான் ரயில்ல வந்துக்கறேன்." நில் என்று சொல்வாள் என்பதுபோல ஒரு கணம் நின்றான். அவள் சொல்லவில்லை. விறுவிறுவென்று சென்ட்ரல் பக்கம் நடந்தான்.

புனிதா காடிக்குள் உட்கார்ந்தாள். ஸ்டியரிங் சூடாக இருந்தது. அவன் திரும்பிப் பார்ப்பான் என்று தெருமுனைவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனைக்கும் பிறகு மனசு அதைத்தான் கேட்டது. முனையில் அவன் நின்றான். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தான். இன்னொரு கையை வீசி வீசி, தலையை ஆட்டி ஆட்டிப் பேசினான். அம்மாவிடம்தான். இன்றைக்கு நடந்ததை எப்படிச் சொல்வான், அதில் யார் மேல் தப்பிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரவுச் சாப்பாட்டுக்குள் சுகுமாறனுக்கும் அதே கதை போய்ச் சேர்ந்திருக்கும்.

அவள் காடியைக் கிளப்பினாள்.