பதினெட்டாவது நொடி

கத்தி வீடியோவுக்குப் பிடில் பாட்டைப் போட்டிருக்கவே கூடாது. சனிக்கிழமை காலை, அடுப்பில் கிரேவி கொதித்துக்கொண்டிருக்க, கைபேசியை வெறித்தபடி டார்லா இதையேதான் நினைத்துக்கொண்டு நின்றாள். சும்மா விட்டிருந்தால் அந்த வீடியோவை எவனும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்க மாட்டான். அவளாகப் போய்ப் பாட்டை வைத்து மூடினாள், ஒருத்தன் வந்து மூடியைத் திறந்துவிட்டான்.

வந்தவன் மிசௌரிக்காரன், அவனும் டார்லாவின் கணவனைப் போலப் பட்டறையில் கத்தி அடிக்கிறவன். "அருமையான கத்தி. ஆனால் பதினெட்டாவது நொடியில், பிடிலுக்கு அடியில், டிங் என்று ஏதோ கேட்கிறதே. பாட்டு இல்லாமல் போட முடியுமா?" என்று எழுதியிருந்தான். கீழே பத்தொன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். பத்தொன்பது பேருக்கும் சனிக்கிழமை காலையில் வேறு வேலை இல்லை போலும்.

பழுக்கக் காய்ச்சிய கத்தியை எண்ணெயில் முக்கும்போது உஸ்ஸென்று பொங்கும், புகையும், சில சமயம் குபீரென்று தீப்பிடிக்கும். அதெல்லாம் நல்லதுதான். 'டிங்' மட்டும் வரக் கூடாது. வந்தால் இரும்பில் எங்கேயோ விரிசல் விட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் அது கத்தி இல்லை, பழைய இரும்பு. இது பட்டறைக்குள் ஒரு வாரம் நின்றவனுக்கும் தெரியும்.

தெரிந்து என்ன செய்ய? அவள் கணவன் ராய்ஸுக்கு அது கேட்காது. முப்பது வருஷம் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் முன்னால் நின்ற காது. பேச்சு கேட்கும், நாய் குரைத்தால் கேட்கும், லாரி வந்தால் கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தம் மட்டும் அவனுக்கு இல்லவே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஐஸ் டீ கொண்டுபோன டார்லா பட்டறை வாசலில் நின்று, "என்னது அது, டிங்குன்னு?" என்று கேட்டாள். "எது?" என்றான் அவன். அன்றைக்குத்தான் இருவருக்கும் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து அவன் கத்தி முக்கும்போதெல்லாம் அவள் போய் நிற்பாள். முக்கி எடுத்ததும் அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பான். இல்லை என்று தலையசைத்தால் கத்தி பிழைத்தது, ஆமாம் என்று அசைத்தால் பழைய இரும்பு வாளிக்குள் போகும். வெளியே ஒரு பிராணிக்கும் இது தெரியாது. தன் இரும்பின் சத்தம் தனக்கே கேட்காதவனிடம் யார் இரண்டாயிரம் டாலர் கொடுத்துக் கத்தி வாங்குவார்கள்?

ஏப்ரலில் அவன் ஒரே மாதிரிப் பெரிய கத்தியை மூன்று தடவை அடித்தான். முதல் கத்திக்கு அவள் ஆமாம் என்றாள். வாளியில் போட்டான். இரண்டாவதுக்கும் ஆமாம் என்றாள். பட்டறைக்கல்லின் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான், அரை மணி நேரம் எழவில்லை. மூன்றாவதை முக்கும்போது அவள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டது. கல்யாண மோதிரம் கண்ணாடி டம்ளரில் பட்டால் கேட்குமே, அவ்வளவுதான். அவன் திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை ஆமாம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. தலை தானாகவே இல்லை என்று ஆடிவிட்டது.

அதற்கப்புறம் அவன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். அலகில் ஒரு கீறல் இல்லை. விரிசல் இருந்தால் அது பிடிக்குள் போகும் பகுதியில்தான் இருக்க வேண்டும். அதன் மேல் இப்போது அலகுக்கும் பிடிக்கும் நடுவில் வரும் பித்தளைக் காப்பும் மான்கொம்புப் பிடியும் ஏறிவிட்டன. கத்தியைப் பிடித்திருந்த குறடு எண்ணெய் டிரம்மில் இடித்த சத்தமாகக்கூட இருக்கலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி நாள் நம்பினாள், பாதி நாள் நம்பவில்லை.

வேறு கத்தி விற்றிருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது. இரண்டு வருஷமாகவே, கத்தி சேகரிப்பவர்கள் கையை இறுக்கிக்கொண்டுவிட்டார்கள். வாங்குவது போய், வீட்டில் இருப்பதை விற்கிறார்கள். ராய்ஸ் முன்பு செய்த கத்திகளையே பாதி விலைக்கு இணையத்தில் போடுகிறார்கள், அதையும் வாங்க ஆளில்லை. ஜூன் மாதக் கண்காட்சிக்கு எட்டுக் கத்தி கொண்டுபோனார்கள், எட்டும் திரும்பி வந்தன. டார்லாவின் தம்பி டாயில் ராய்ஸுக்குக் கோழி இறைச்சி ஆலையில் ஒரு வேலை பிடித்து வைத்திருந்தான், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சேர வேண்டும். "இந்தக் கத்தி போயிட்டா நான் வரலைன்னு டாயில்ட்ட சொல்லிடு," என்றிருந்தான் ராய்ஸ். வியாழக்கிழமை கத்தி போயும்விட்டது. டல்ஸாவிலிருந்து ஹாலிஸ் என்ற பல் டாக்டர், தானே நேரில் வந்து வாங்கிக்கொள்வதாக எழுதினார். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வருகிறார். அந்த சனிக்கிழமைதான் இது.

ராய்ஸ் உள்ளே வந்து, அவள் தோளுக்கு மேலாகக் கைபேசியை எட்டிப் பார்த்தான்.

"பாட்டில்லாம போட்டுடு. அதுக்கென்ன?"

"ஒருத்தன் கேட்டான்னு உடனே ஆடணுமா? வேலையத்த பய."

"பத்தொன்பது பய இருக்கான்."

"அந்த வீடியோ இல்ல. போன்ல எடம் இல்லன்னு அழிச்சுட்டேன்."

"நீயா?" ராய்ஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "செத்துப்போன பூனையோட படம் நானூறு வச்சிருக்க. நீ அழிச்ச?"

டார்லா பன் மாதிரிச் சுட்ட பிஸ்கட்டைப் பிளந்து கிரேவியை ஊற்றினாள். மேஜைத் துணியிலும் கொஞ்சம் ஊற்றிவிட்டாள்.

"டார்லா. அன்னிக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"குறடு டிரம்ல இடிச்சுது. அதத்தான் அவன் சொல்றான்."

"குறடா?"

"குறடுதான். சாப்பிடு, ஆறிடும்."

அவன் ஒரு கணம் கூடுதலாகவே அவளைப் பார்த்தான். பிறகு சாப்பிட்டான்.

ஒன்பது மணிக்கு டாக்டரிடமிருந்து செய்தி வந்தது. "அந்த மிசௌரிக்காரர் சொல்வதைப் பார்த்தேன். நான் கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்." ராய்ஸ் கைபேசியை அவள் கையிலிருந்து வாங்கினான். பிறந்த நாள் வாழ்த்துக்குக்கூடப் பதில் எழுதாத மனுஷன், ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுத ஆரம்பித்தான். டாக்டருக்கு மட்டும் இல்லை, எல்லோரும் பார்க்கிற இடத்தில்.

"எனக்குக் காது சரியில்லை. ஆறு வருஷமாயிற்று. இந்தச் சத்தம் எனக்குக் கேட்காது. ஒவ்வொரு கத்தியை முக்கியதும் என் மனைவியைத்தான் பார்ப்பேன். இந்தக் கத்திக்கு அவள் இல்லை என்று தலையாட்டினாள். எனக்கு அது போதும். யாராவது சந்தேகப்பட்டால் என் மனைவியைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று அர்த்தம்."

"யோவ், என்ன பண்ற நீ? ஊருக்கே சொல்லணுமா இத?" டார்லா கைபேசியைப் பிடுங்கப் போனாள். அதற்குள் அவன் விரல் அமுக்கிவிட்டது.

அரை மணி நேரத்தில் மிசௌரிக்காரன் தன் வார்த்தையை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். முன்பின் தெரியாதவர்கள் இதயம் இதயமாகப் போட்டார்கள். "இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? கிளம்பிவிட்டேன்," என்றார் டாக்டர். இத்தனை நாளும் இருவருக்கு நடுவில் கிடந்த பொய், இப்போது டார்லாவின் பெயரோடு ஊர் முழுக்கப் போய்விட்டது. பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

"ஐஸ் வாங்கிட்டு வரேன்," என்று பகல் ஒரு மணிக்குப் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடை வாசலில் நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, அழித்துவிட்டதாகச் சொன்ன வீடியோவை வண்டியின் ஸ்பீக்கரில் போட்டாள். பதினாறு, பதினேழு, பதினெட்டு. டிங். அந்தச் சின்னக் கூண்டுக்குள் அது நன்றாகவே கேட்டது. மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். படத்தில் குறடு டிரம்மின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. இடிக்க வழியே இல்லை. ஐஸ் வாங்காமலே வண்டியைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. பட்டறையில் ராய்ஸ் கத்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். பத்தங்குல அலகு கண்ணாடி மாதிரி பளபளத்தது. அவள் அவன் எதிரில் போய், முகம் தெரியும்படி நின்றாள்.

"ராய்ஸ். குறடு இல்ல அது. நான் பொய் சொன்னேன். அன்னிக்கும் பொய், இன்னிக்கும் பொய்."

அவன் துணியைக் கீழே வைத்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள்.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"குறடு வழியா கைக்கு வந்துச்சு. தூண்டில்ல மீன் வந்து தொடுமே, அப்படி. இந்த மணிக்கட்டு வரைக்கும் வந்துச்சு." அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு பேசினான். "திரும்பிப் பாத்தேன். நீ இல்லன்னு ஆட்டின. அப்பாடான்னு இருந்துச்சு."

டார்லா கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"அப்பாடாவா? ரெண்டு மாசமா சோறு எறங்காம நான் கெடக்கேன், நீ அப்பாடான்னு இருந்தியா? காலையில என்னமோ பெரிய நியாயவான் மாதிரி எழுதின. என் பொண்டாட்டியச் சந்தேகப்படுறியான்னு. என் தலையில தூக்கி வச்சுட்டு நீ நைசா கையக் கழுவிக்கிட்ட."

"ஆமா."

"என்ன ஆமா?"

"நீ சொல்றது சரிதான்னு சொல்றேன். கோழி ஆலைக்குப் போவ வேண்டாம்னா எது வேணா எழுதலாம்னு தோணிருச்சு." அவன் தலையைத் தடவிக்கொண்டான். "அசிங்கமா இருக்கு டார்லா."

வாசலில் சரளைக்கல் நொறுங்கியது. முதலில் கேட்டது அவளுக்குத்தான். அவள் முகத்தைப் பார்த்து அவன் எழுந்தான்.

டாக்டர் ஹாலிஸ் நெட்டையாக, சிரித்த முகமாக, நாலு மணி நேரம் வண்டி ஓட்டிய அலுப்பே தெரியாமல் உள்ளே வந்தார். கத்தியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். சட்டைப் பையில் பணம் வைத்த உறை தடிப்பாகத் தெரிந்தது.

"போட்டோவுல பாத்ததவிட அழகா இருக்கே. குடுங்க, கையில பிடிச்சுப் பாக்கறேன்."

ராய்ஸ் கொடுக்கவில்லை. கத்தியை எடுத்துப்போய், காப்பு ஒட்டி நிற்கும்படி அலகை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினான்.

"விக்க முடியாது டாக்டர். இதுல விரிசல் இருக்கணும். உள்ள, பிடிக்கு அடியில. உடைச்சாத்தான் தெரியும்."

"உடைக்கவா?" டாக்டர் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. "நில்லுங்க நில்லுங்க. நான் என்ன இத வச்சு மரம் வெட்டவா போறேன்? என் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில இருக்கும். எடுக்க மாட்டேன், எடுக்க விட மாட்டேன். நான் செத்தாக்கூட ஒருத்தனுக்கும் தெரியாது. நான்தான் பரவால்லங்கறேனே, குடுங்க."

அவர் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பொய்யில்லாமல் வருகிற பணம். வாங்குகிறவருக்கே விஷயம் தெரியும், அப்புறம் என்ன? டார்லாவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, குடுத்துடு ராய்ஸ் என்று சொல்ல. திங்கட்கிழமை காலை ஆறு மணி கண்முன் நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றது: ராய்ஸின் பெயர் வெட்டிய அந்த அலகு என்றைக்காவது இன்னொருவன் கைக்குப் போகும், அவன் பெட்டியிலிருந்து எடுப்பான்.

ராய்ஸ் திரும்பி அவளைப் பார்த்தான். ஆறு வருஷமாகப் பார்க்கிற அதே பார்வை.

டார்லா ஆமாம் என்று தலையசைத்தாள்.

நல்ல கத்தியாக இருந்தால் வளையும், லேசில் உடையாது. பிடியில் மாட்டி நெம்ப ஒரு நீளக் குழாயைப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தான், அது தேவைப்படவே இல்லை. மான்கொம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். டக்கென்று பிடி தனியாக அவன் கையோடு வந்துவிட்டது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. அதில் பாதிக்குமேல் கறுப்பு. விரிசலுக்குள் எண்ணெய் புகுந்து வெந்து போன, ஏப்ரல் மாதத்துக் கறுப்பு.

டாக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மேஜைமேல் வைத்துவிட்டு உறையை எடுத்துக்கொண்டார். டார்லா கொடுத்த டீயைக் குடித்தார், ஐஸ் இல்லை என்று குறை சொல்லவில்லை. "புருஷனும் பொண்டாட்டியும் நல்ல ஜோடிதான்," என்றார் வண்டியில் ஏறும்போது. பாராட்டா, கிண்டலா என்று தெரியவில்லை. வேறு கத்தி எதையும் கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் டார்லா பிடில் இல்லாத வீடியோவையும், கறுப்புத் தெரியும் படத்தையும் போட்டாள். "எனக்குக் கேட்டது. இல்லை என்று சொன்னது நான்," என்று எழுதினாள். ராய்ஸ் கைபேசியை வாங்கி ஒற்றை விரலால் கீழே குத்தினான். "எனக்கும் கைக்குத் தெரிந்தது. சொல்லாமல் இருந்தது நான்." காலையில் இதயம் போட்டவர்களில் பாதிப் பேர் எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அவன் கோழி ஆலைக்குப் போனான். ஐந்தே முக்காலுக்கு டாயிலின் வண்டியில் ஏறினான். அந்த வாரம் முழுவதும் வீட்டில் அவனுக்கு மூன்றே காரியம்: சாப்பாடு, குளியல், தூக்கம்.

அடுத்த சனிக்கிழமை காலை பட்டறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு டார்லா போய்ப் பார்த்தாள். உலை எரிந்துகொண்டிருந்தது. ராய்ஸ் கிரைண்டரை முடுக்கப் போனவன், அவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். மஞ்சள் நிறத்தில், சரடு கோத்த இரண்டு பஞ்சுத் தக்கைகள். ஆலையில் எல்லோருக்கும் கொடுக்கிற காதடைப்பான்.

"எனக்கும் ஒண்ணு குடுத்தான். இதப் போட்டு நான் என்னத்தக் காப்பாத்த? நீ போட்டுக்க. இங்க கிரைண்டர் ஓடும்போது போட்டுக்க. நமக்கு இருக்கறது இந்த ஒரு ஜோடிக் காதுதான்."

டார்லா வாங்கிக்கொண்டாள். சரடைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு கிரைண்டரை முடுக்கினான்.

"முக்கும்போது மட்டும் கழட்டிடு," என்றான்.