அழைக்காமல் வரவேண்டிய விருந்து

ராயபுரம் கடற்கரைத் தெருவில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒன்று கடல். இன்னொன்று என் நாத்தனார் புஷ்பவல்லி. ஐம்பத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் அந்த வாயை வைத்துத்தான் ஒரு வெள்ளைக்காரனின் குலவிளக்கைக் காப்பாற்றினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கதை முடிந்த பிறகு பேசிக்கொள்வோம்.

என் புருஷன் தாமோதரன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுபவர். தீபாவளி கழிந்து ஒரு யுகோஸ்லாவியாக் கப்பல் விசிறித் தண்டு முறிந்து நம் துறைமுகத்தில் வந்து படுத்துக்கொண்டது. அதில் மெக்கானிக்காக இருந்தவர்தான் ராதோவான். பனைமரத்துக்குப் பாதி உயரம், பூனைக்குட்டிக்கு உள்ள குரல். இவருக்கும் அவருக்கும் துறைமுக இங்கிலீஷிலேயே தோஸ்து ஒட்டிக்கொண்டது. வாரம் தவறாமல் என் கையால் மீன் குழம்பு சாப்பிட வந்துவிடுவார். "யுகோஸ்லாவியா" என்று நாக்கு சுளுக்காமல் சொல்ல நான் பழகி முடித்த அன்று, அவர் நெஞ்சைத் தட்டி, "நான் செர்பியன்" என்று சொல்லித் தொலைத்தார். எனக்கு எப்படி இருக்கும்?

ஒரு நாள் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா ஆச்சு உன் தோஸ்துக்கு? உப்பு தூக்கலா கீதா?" என்று கேட்டேன்.

"அவரு வூட்டு சாமி நாள் வருதாம், குணசுந்தரி. வெளக்கு ஏத்த எடமில்லன்னு பேஜாராயிட்டாரு" என்றார் இவர்.

செர்பியாக்காரர்களுக்கு வீட்டுக்கு ஒரு புனிதராம். எந்தக் காலத்திலோ அந்தக் குடும்பத்துப் பாட்டன் ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து, அப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கு அந்த நாள் இறங்கி வருமாம். பெயர் ஸ்லாவா. ராதோவான் வீட்டுப் புனிதர் நிக்கோலாஸ். கடலில் போகிறவர்களுக்குக் காவல். டிசம்பர் பத்தொன்பது அவருடைய நாள். கப்பலில் பஞ்சுப் பொதி ஏற்றத் தொடங்கிவிட்டதால் தீக்குச்சி கூடக் கிழிக்க முடியாது. மறுநாள் காலை கப்பல் புறப்பாடு.

"நம்ம குலசாமி மாரிதான்னு சொல்லு! இங்கயே ஏத்தட்டும்" என்று நான் சொன்னதும் அந்த நெட்டை மனுஷன் எழுந்து என் கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

அடுத்த நாலைந்து நாள் என் வீடு கல்யாண வீடுதான். அது விரத காலமாம், அதனால் கறி கூடாதாம், மீன்தான் ஆக்க வேண்டுமாம். மீன் தின்று விரதம் இருக்கலாம் என்று நம் சாமிகளில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே! கோதுமையை வேகவைத்து இனிப்பு சேர்க்க வேண்டும் என்றார். அரிசி இல்லை என்று ரேஷன் கடைக்காரன் தலையில் கட்டிய கோதுமை என்னிடம் மூட்டையாக இருந்தது. சர்க்கரைக்கு வெல்லம், அவர் ஊர்க் கொட்டைக்கு முந்திரி. வட்ட ரொட்டியைப் பேக்கரிக்காரனிடம் கெஞ்சி அவரே பிசைந்து, மேலே சிலுவை கீறிச் சுட்டுவந்தார். திராட்சை மது வேண்டும் என்றபோதுதான் இவர் முழித்தார். மதுவிலக்கு! போலீஸ் வந்தால் நிக்கோலாஸா வந்து ஜாமீன் தருவார்? கறுப்புத் திராட்சை வாங்கிக் கையால் பிழிந்து வைத்தேன். மாதா கோயில் வாசலில் ஒரு முழ உயரத்துக்கு மெழுகுவத்தி கிடைத்தது.

எல்லாம் சரி. கடைசியில் ஒரு விதி சொன்னார் பாருங்கள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. இன்ன வீட்டில் இன்ன நாள் என்று ஊருக்குத் தெரியும், தெரிந்தவர்கள் தாமாகப் படியேறி வர வேண்டும். "வாங்க" என்று கூப்பிட்டுவிட்டால் அது வெறும் விருந்தாம். வருகிறவனைப் பகைவனானாலும் திருப்பி அனுப்பக் கூடாதாம்.

நானும் குழாயடியில் நின்று ஊருக்குத் தெரியும்படி சொன்னேன். "பத்தொம்பதாம் தேதி சாய்ந்தரம் எங்க வூட்டுல பெரிய விசேசம். ஆனா ஒருத்தரையும் வாங்கன்னு கூப்புட மாட்டேன், ஆமா!"

பக்கத்து வீட்டு இருதயம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வியப்பில் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் தேதி விளக்கு வைக்கும் நேரம். வஞ்சிரம் பொரிந்து, கொடுவாக் குழம்பு கொதித்து, தெருமுனை வரை மணம். ராதோவான் சவரம் செய்து, கழுத்துப் பட்டி கட்டி, மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு வாசலைப் பார்த்து நின்றார். உட்காரச் சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக் கூடாதாம், வருகிறவர்களுக்கு நின்றே பரிமாற வேண்டுமாம். அந்த வத்தி அணைவதற்குள் ஆட்கள் வர வேண்டும்.

வத்தி கால்வாசி இறங்கிற்று. ஒரு காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழையாத வீட்டுக்குள் நுழையாதே என்று தாய்ப்பாலோடு குடித்த ஜனம் இது! கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து ஒரு தடவை, நேரில் வந்து ஒரு தடவை கூப்பிடாவிட்டால் ஏழு தலைமுறைக்குப் பேசாத தெரு. அவர்களிடம் போய், விசேஷம் உண்டு, கூப்பிட மாட்டேன் என்று மார்தட்டிவிட்டு வந்திருக்கிறேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

"நான் போயி நாலு பேர இஸ்துகினு வரட்டா?" என்று இவர் வேட்டியை மடித்தார். ராதோவான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வேண்டாம், கூப்பிட்டால் கணக்கில் வராது.

நின்றபடியே பேச ஆரம்பித்தார். இவர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கொசோவோ என்ற களத்தில் துருக்கியரோடு மோதி அவர்கள் ராஜா மாண்டாராம். அப்புறம் சில நூறு வருஷம் துருக்கிக்காரன் ஆட்சி. அப்போதும் கதவைச் சாத்திக்கொண்டு இந்த விளக்கை ஏற்றினார்கள். பிறகு ஒரு காலத்தில் ஊர் ஊராக மூட்டை கட்டி, தலைமைப் பாதிரியார் பின்னால் ஆறு தாண்டி வடக்கே ஓடினார்கள். அங்கேயும் ஏற்றினார்கள். முதல் உலக யுத்தத்தில் அவருடைய அப்பா பட்டாளத்தோடு பனிமலை தாண்டி நடந்தார். காலி தோட்டாவில் கொழுப்பை ஊற்றித் திரி போட்டு ஏற்றினாராம். மலை தாண்டி கிரேக்கத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். புதைக்க இடமில்லாமல் கடலில் இறக்கினார்கள்.

"அந்தத் தண்ணில அந்த ஊர் செம்படவங்க இன்னிக்கும் வலை போட மாட்டாங்களாம், குணசுந்தரி" என்றார் இவர். நல்ல ஜனம் எங்கே இருந்தாலும் நல்ல ஜனம்தான்.

வத்தி பாதிக்கு வந்துவிட்டது. ராதோவான் குரலும் இறங்கிற்று. நாற்பத்தொன்றாம் வருஷம் ஜெர்மன்காரன் வந்து அவர் ஊர் ஆண்களையெல்லாம் வரிசையாக நிறுத்திச் சுட்டான். அவர் அப்பா, இரண்டு அண்ணன்மார், பக்கத்து வீட்டார், எதிர் வீட்டார். இவர் சின்னப் பையன் என்று விட்டுவிட்டான். அந்த டிசம்பரில் அவர் அம்மா ரொட்டி சுட்டு, வத்தி ஏற்றி, கதவைத் திறந்து வைத்தாள். வருவதற்கு ஊரில் ஆள் இல்லை. வத்தி எரிந்து முடியும்வரை அம்மாவும் பிள்ளையும் வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வருஷம் அம்மாவும் இல்லை. அதற்கப்புறம் அவர் ஏற்றவே இல்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை.

சொல்லிவிட்டு மறுபடி என் வாசலைப் பார்த்தார். அதே வெறும் வாசல்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! உச்சந்தலை வரை சுட்டது. அங்கே வருவதற்கு ஆள் இல்லை, சரி. இங்கே தெரு நிறைய ஆளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் தனியாக நிற்பதா? கூப்பிடாமல் எங்கள் தெருவைக் கூட்டுவது எப்படி? சாவுக்கும் சண்டைக்கும் யாரும் வெற்றிலை பாக்கு வைப்பதில்லை. சாவுக்கு வழியில்லை. சண்டைக்கு நான் இருக்கிறேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஏ புஸ்பவல்லி! வெளிய வாடி! என் பித்தளை தவலைய துன்னுட்டு தூக்கமா?"

நாத்தனாரைப் பெயர் சொல்லி, அதுவும் "டி" போட்டு! தெருவில் பத்துக் கதவு ஒரே நேரத்தில் திறந்தது. புஷ்பவல்லி கூந்தலை முடிந்துகொண்டே புயல் மாதிரி வெளியே வந்தாள்.

"யாரடி தவலைய துன்னா? உன் பேமானி தவலைய நான் கண்ணால பாத்தனா? வாய கய்விகினு பேசு!"

"எங்கம்மா வூட்டு சீரு அது! நீ எட்த்துகினு போனத ஊரே பாத்துச்சு!"

ஒவ்வொரு பேச்சுக்கும் நான் ஒரு அடி பின்வாங்கினேன், அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். இருதயம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஊசியோடு வந்தார்கள். "அடிச்சிக்கப் போறாளுங்கப்பா!" என்று தெருமுனையிலிருந்து ஒரு கும்பல் ஓடி வந்தது. அடடா, அந்தச் சத்தத்தைக் கேட்க என்ன சந்தோஷம்!

"தவலைய கேக்க வந்துட்டா! உன் பொண்ணுக்கு காது குத்தனியே, அத்தைக்காரி எதிர் வூட்டுல கீறேனே, கூப்டியா? தாலியறுத்தவ வந்தா உனுக்கு ஆவாதுன்னுதான?"

தவலை நான் கட்டிவிட்ட பொய், ஆனால் இது நடிப்புச் சண்டைக்கு வந்த பேச்சு இல்லை. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஏழெட்டு வருஷம். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. இன்னும் ஒரு அடி பின்னால் வைத்தேன். என் வீட்டு வாசற்படி காலில் தட்டிற்று. உள்ளே போனேன். விடுவாளா? அவளும் படி தாண்டி உள்ளே வந்துவிட்டாள். அவள் பின்னால் தெருவே வந்து வாசலில் நெரித்தது.

"தோப்ரோ தோஷ்லி!"

ராதோவானுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றுதான் தெரியும். நல்வரவு என்று அர்த்தமாம். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. கோதுமைக் கிண்ணத்தை இரண்டு கையிலும் ஏந்திப் புஷ்பவல்லி முன்னால் நீட்டினார். அவள் திட்ட எடுத்த வாய் அப்படியே நின்றது.

இவர் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னார். சுட்டது, கடலில் இறக்கியது, வெறும் வாசல், கூப்பிடக் கூடாத விதி, எல்லாம். இருதயம்மாள், "அத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கின்னா?" என்று கரண்டியால் என் தோளில் ஒன்று வைத்தாள்.

ராதோவான் ரொட்டியை எடுத்தார். சிலுவையாகக் கீறி, திராட்சைச் சாற்றை ஊற்றினார். அதை இரண்டு பேராகப் பிடித்துச் சுற்ற வேண்டுமாம். இவர் கை நீட்டினார். ஆனால் ராதோவான் புஷ்பவல்லியைக் காட்டினார். முதலில் படி தாண்டியவள் அவள்தானே.

அவள் பின்னால் நகர்ந்தாள். "நானா? வேணாம் நைனா. தாமு, எட்த்து சொல்லுடா. நான் தாலி இல்லாதவ. நல்ல காரியத்துல கை வெக்கக் கூடாது."

இவர் சொன்னார். ராதோவான் கேட்டுவிட்டுத் தலையாட்டி, மெல்ல ஏதோ பதில் சொன்னார்.

"அப்பா செத்த வருசம் இவரோட ரொட்டி புட்சவங்க இவரு அம்மாதானாம், அக்கா" என்றார் இவர்.

புஷ்பவல்லி முந்தானையில் கையைத் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். பிறகு பிடித்தாள். ரொட்டியை இருவரும் சுற்றினார்கள். அவர் தன் மொழியில் ஏதோ முணுமுணுக்க, இரண்டு பக்கமும் இழுத்து உடைத்தார்கள். பெரிய பாதி அவள் கையில் இருந்தது. பெரிய பாதி கிடைத்தவருக்கு அந்த வருஷம் நல்லது நடக்கும் என்று அவர் ஊர்ப் பேச்சாம். அதைத் துண்டாக்கி வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சைகை காட்டினார்.

அவள் ரொட்டியைப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்தாள். அவள் கையால் மங்கலப் பொருள் எதையும் வாங்காத தெரு அது. ஒருவரும் அசையவில்லை. வத்தி விரல் நீளத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"குடு அண்ணி."

அவள் என்னை முறைத்தாள். "தவலைய திருடனவ கையால துன்றியா?"

"துன்றேன். குடு."

கொடுத்தாள். எனக்குப் பின்னால் இருதயம்மாள் நீட்டினாள், வலைக்காரர்கள் நீட்டினார்கள், வாசலுக்கு வெளியே நின்றவர்கள் தோளுக்கு மேல் கை நீட்டினார்கள். இன்னும் தெருமுனையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ராதோவான் கடைசி வரை உட்காரவே இல்லை.